சங்கடப்படும் உத்தியோகம்

பீரோ கம்பெனியில் தகடு வளைக்கிற பெரிய பிரஸ் ஒருநாள் காலை டீக்குச் சற்று முன்னால் ஸ்டோர் கீப்பருடைய மச்சினனின் வலது கையிலிருந்து நான்கு விரல்களை எடுத்துக்கொண்டது. கட்டைவிரலை மட்டும் பெருந்தன்மையாக விட்டுவிட்டது. நிர்வாகம் அதிர்ந்துபோய் உடனே நடவடிக்கையில் இறங்கியது. பிரஸ்ஸில் யாரும் கைவைக்கவில்லை. அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்களின் மனதில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு செய்து, அதைப் பழுதுபார்க்க வெளியிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தார்கள்.

ஆலோசகர் மெலிந்த மனிதர். சலவை கலையாத வெள்ளைச் சட்டை, பஞ்சு போன்ற குரல். எந்த வாக்கியத்தைத் தொடங்கும் முன்னும் கண்ணை மூடி, அது உள்ளேயிருந்து மேலே வரும்வரை காத்திருப்பார். வேலை செய்யும் இடத்தில் மனிதர்கள் ஏன் நல்லவர்களாகவோ கெட்டவர்களாகவோ நடந்துகொள்கிறார்கள் என்பதை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். எதிரே வருகிறவர்களை நிறுத்தி, "இப்ப உங்களுக்குள்ள என்ன நடக்குது?" என்று கேட்பார். முதல் நாள் கேட்டில் நின்ற காவலாளியிடம் கேட்டபோது அவர், "வாயுதான் சார், காலையிலேர்ந்து" என்றார். ஆலோசகர் அதையும் மதித்துத் தலையசைத்தார். சாயங்காலத்துக்குள் கம்பெனி முழுக்க அவருக்கு 'மனசு சார்' என்று பெயர் விழுந்துவிட்டது.

ஸ்டோர் கீப்பர் கேட்டதை எடுத்துக் கொடுப்பார், கேட்காததைப் பேச மாட்டார். போல்ட், கீல், பூட்டு, கைப்பிடி என்று அவருடைய உலகம் அலமாரித் தட்டுகளில் அடங்கியிருந்தது. மச்சினனை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அதனால் தம்பி கட்டுப்போட்ட கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதல் மனைவி அவரிடம் நேராகப் பேசுவதை நிறுத்தியிருந்தாள். தட்டை மேஜையில் வைக்கும் சத்தத்திலேயே சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிடுவாள்.

மனசு சாரின் முதல் கூட்டம் கேன்டீனில் நடந்தது. மேஜைகளை ஓரம்கட்டிவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வட்டத்தில் பெரியவன் சின்னவன் கிடையாது என்று மனசு சார் சொன்னார். புரொடக்‌ஷன் மேனேஜருக்கு மட்டும் கை வைத்த நாற்காலி போட்டிருந்தார்கள். அவருக்கு முதுகுவலி.

"விபத்துன்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது," என்று மனசு சார் ஆரம்பித்தார். "நம்ம மனசு நம்மகிட்ட ஏதோ சொல்ல நினைக்குது. நாம கேக்கல. அது கொஞ்சம் சத்தமா சொல்லுது. அவ்வளவுதான். இனிமே யாரும் விபத்துன்னு சொல்லாதீங்க. 'கற்றல் தருணம்'னு சொல்லுங்க."

பெயின்டர் சந்தேகத்தோடு கையைத் தூக்கினார். "அப்ப நாலு விரலும் கற்றல் தருணத்துலதான் போச்சுன்னு சொல்லணுமா சார்?"

"போச்சுன்னு ஏன் சொல்றீங்க? கொடுத்தார்னு சொல்லுங்க."

பிறகு ஆளுக்கு ஓர் உண்மை சொல்ல வேண்டும் என்றார். பயமே வேண்டாம், இந்த வட்டத்துக்குள் சொன்னது வட்டத்துக்குள்ளேயே இருக்கும். பெயின்டர், தான் மனைவியிடம் காரணமில்லாமல் எரிந்து விழுவதைச் சொன்னார். வெல்டர், குளித்ததாகச் சொல்லிவிட்டு முகம் மட்டும் கழுவிக்கொண்டு வேலைக்கு வருவதைச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். ஸ்டோர் கீப்பரின் முறை வந்தது. வீட்டில் வாரக்கணக்காகப் பேச்சில்லாததாலோ என்னவோ, அவருக்குள் சேர்ந்திருந்தது வாய்வழியாக வந்துவிட்டது.

"அந்த பிரஸ்ஸுக்கு முன்னாடி ஒரு கூண்டு இருந்துச்சு சார். கம்பி வலைக் கூண்டு. அது கீழ இறங்கினாத்தான் பிரஸ்ஸும் இறங்கும். உள்ள கை போகவே போகாது. கூண்டு ஏறி இறங்கறதுல நேரம் போகுதுன்னு மேனேஜர் சார் அதைக் கழட்டச் சொல்லிட்டாரு. கழட்டிக் கொண்டுவந்து ஸ்டோர்ல வச்சாங்க. இப்பவும் அங்கதான் இருக்கு. அது இருந்திருந்தா என் மச்சினன் விரல் போயிருக்காது."

புரொடக்‌ஷன் மேனேஜர் தன் முதுகைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் மனசு சாரைப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடியிருந்தார். கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இறங்கியது. பிறகு எழுந்து, மெதுவாக, ஒவ்வொரு தட்டலாகக் கைதட்டத் தொடங்கினார். மேனேஜர் ஒருகணம் யோசித்துவிட்டு அவரும் தட்டினார். அப்புறம் கூரை அதிர்ந்தது.

முதலாளிக்கு ஆள் போயிற்று. அவர் மாடியிலிருந்து இறங்கி வந்து ஸ்டோர் கீப்பரைக் கட்டித் தழுவினார். அவருடைய வாசனை ஸ்டோர் கீப்பரின் சட்டையில் மறுநாள்வரை இருந்தது.

"பாத்தீங்களா?" என்று மனசு சார் எல்லோரையும் கேட்டார். "முதலாளிக்கு முன்னாடி, மேனேஜருக்கு முன்னாடி, ஒரு தொழிலாளி பயமில்லாம உண்மை பேசறாரு. இப்படி ஒரு மனுஷன உருவாக்கினது யாரு? இந்தக் கம்பெனி! இன்னொண்ணு யோசிங்க. அந்தக் கூண்டக் கழட்டாம இருந்திருந்தா, இந்த உண்மை நமக்குக் கெடச்சிருக்குமா? மேனேஜர் சாரையும் நாம பாராட்டியாகணும்." மேனேஜர் எழுந்து எல்லோருக்கும் கும்பிடு போட்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஸ்டோர் கீப்பர் மனைவியிடம், தானாகவே, "கம்பெனியில எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்" என்றார்.

மனைவி திரும்பிப் பார்த்தாள். "கூண்டப் பத்தியா? மேனேஜர் இருக்கும்போதா?"

"முதலாளியே வந்தாரு."

"என்ன சொன்னாங்க?"

"கை தட்டினாங்க."

மச்சினன் மூலையில் உட்கார்ந்து இடது கையால் ஆரஞ்சு உரிக்கப் பழகிக்கொண்டிருந்தான். "கூண்ட மறுபடி மாட்டறாங்களா மாமா?" என்று கேட்டான். அதை யாரும் பேசவில்லை என்பது அப்போதுதான் ஸ்டோர் கீப்பருக்கு உறைத்தது.

மறுநாள் அதைக் கேட்கப் போனவரைப் பேசவிடாமல் உட்காரவைத்து, கம்பெனியின் முதல் மனசாட்சி அலுவலராக நியமித்துவிட்டார்கள்.

நிர்வாக மாடியில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறை கொடுத்தார்கள். சுழலும் நாற்காலி, ஒரு பூந்தொட்டி, சட்டையில் குத்திக்கொள்ள இதய வடிவத்தில் ஒரு பித்தளை வில்லை. ஸ்டோரை யாரோ பார்த்துக்கொண்டார்கள். வேலை என்ன என்று அவர் கேட்டபோது மனசு சார் விளக்கினார்.

"முக்கியமான முடிவு எடுக்கற கூட்டத்துல எல்லாம் நீங்க வந்து உக்காரணும். முடிவு சரியில்லன்னு தோணிச்சுன்னா சங்கடப்படணும்."

"சங்கடப்பட்டு?"

"அவ்வளவுதான். சங்கடப்படணும். அத நாங்க பதிவு பண்ணிக்குவோம். மனசாட்சி சங்கடப்பட்ட பிறகு எடுத்த முடிவுக்கு ஒரு தனி அழகு இருக்கு. எதுவும் தோணாம எடுக்கற முடிவு மிருகத்தனம் இல்லையா?"

முதல் கூட்டத்தில் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் நிற்கும் ஹெல்பரை எடுத்துவிடுவது பற்றிப் பேசினார்கள். மேனேஜருக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. மனசு சார்தான் தைரியம் கொடுத்தார். "ஆபத்துல ஒருத்தர் மாட்டிக்கும்போது சுத்தி நிறையப் பேர் இருந்தா யாருமே உதவிக்குப் போகமாட்டாங்க. ஒவ்வொருத்தரும் அடுத்தவன் போவான்னு நிப்பாங்க. மனுஷ மனசு அப்படி. அன்னிக்கு இவரோட மச்சினன் கத்தினப்ப ஹெல்பர் என்ன பண்ணாரு? திகைச்சு நின்னாரு. அந்தக் குத்த உணர்ச்சி அவர வாழ்நாள் பூரா அரிக்கும். பக்கத்துல யாருமே இல்லன்னா, உதவி செய்யலையேன்னு வருத்தப்பட ஆளும் இருக்காது. எல்லார் மனசும் ஆரோக்கியமா இருக்கும்."

"சார்," என்றார் ஸ்டோர் கீப்பர், "ஹெல்பர்தான சார் ஓடிப்போய் மெயின் சுவிட்ச அணைச்சாரு. இல்லன்னா கையே போயிருக்கும்."

எல்லோரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரை ஆசையோடு பார்த்தார்கள். "சங்கடமா இருக்கா?" என்று முதலாளி கேட்டார்.

"ரொம்ப சங்கடமா இருக்கு சார்."

"நல்லது. பதிவு பண்ணிக்குங்க," என்றார் முதலாளி. ஹெல்பரை எடுத்துவிட்டார்கள்.

கூட்டம் முடிந்து எழும்போது அவர் கூண்டைப் பற்றிக் கேட்டார். அதற்காக 'கூண்டு மறுசிந்தனைக் குழு' ஒன்று அமைத்திருப்பதாகச் சொன்னார்கள். அடுத்த கூட்டத்திலும் கேட்டார். மனசு சார் அவர் தோளில் கைபோட்டு ஜன்னலோரம் அழைத்துப் போனார். "உங்க கேள்வி ரொம்ப அழகா இருக்கு. பதில் சொல்லி அதச் சாகடிக்கச் சொல்றீங்களா?"

ஒரு கட்டத்துக்கு மேல் ஸ்டோர் கீப்பருக்குப் பழக்கத்தில் சில விஷயங்கள் பிடிபட்டன. ஏதாவது கெட்ட முடிவு வரப்போகிறதென்றால் அதற்கு முந்தின நாள் வாசலில் மரக்கன்று நடுவார்கள். இதுவும் மனசு சாரின் ஏற்பாடுதான். "ஒரு நல்ல காரியம் பண்ணினவனுக்கு, இனி ஒரு தப்பு பண்ணலாம்னு உள்ளுக்குள்ள ஒரு உரிமை வந்துடுது. பலபேர் இது தெரியாம தாறுமாறா நடந்துக்கறாங்க. நாம அத முறைப்படுத்தறோம்," என்று அவர் கூட்டத்தில் சொன்னார். ஒரு கன்று நட்ட மறுநாள் ஞாயிறு விடுமுறை பாதியானது. வரிசையாகக் கன்றுகள் நட்ட மறுநாள் பெயின்ட் பகுதியே மூடப்பட்டது. அதற்கப்புறம், மண்வெட்டியோடு தோட்டக்காரரைப் பார்த்தாலே ஆட்கள் வேறு பக்கம் திரும்பி நடந்தார்கள். அவர் பாவம், யாரும் முகம் கொடுத்துப் பேசாமல் தனியாகவே டீ குடித்தார்.

இதற்கிடையில் மச்சினனின் காயம் ஆறியது. கம்பெனியில் அவனுக்கு ஏற்ற இடம் காலியானதும் கூப்பிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஆனால் அதற்கு முன் அவன் மனதில் கசப்பு இருக்கக் கூடாது என்பது மனசு சாரின் நிபந்தனை. கசப்போடு வருகிற ஊழியர் மற்றவர்களுக்கும் அதைத் தொற்றவைத்துவிடுவார். ஆகவே மன்னிப்பு நிகழ்ச்சி ஒன்று ஏற்பாடானது.

"நான் யார மன்னிக்கணும் மாமா? மேனேஜரையா?" என்று மச்சினன் முந்தின நாள் வீட்டில் கேட்டான்.

"பிரஸ்ஸ," என்றார் ஸ்டோர் கீப்பர்.

மச்சினன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

அக்காதான் அவனுக்குச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். "சொல்லச் சொல்றத சொல்லிட்டு வாடா. வாய்தான, தேஞ்சா போயிடும்? இடம் கெடைக்குமில்ல."

நிகழ்ச்சிக்காக பிரஸ்ஸை நிறுத்தினார்கள். விரல் போன அன்றுகூட அதை அவ்வளவு நேரம் நிறுத்தவில்லை. எல்லோரும் சுற்றி நின்றார்கள். மச்சினன் இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்று, மனசு சார் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னான். "நான் உன்ன மன்னிக்கிறேன். உனக்கு என் மேல கோவம் எதுவும் இல்லைன்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு உன் வேலைய நிறுத்தினதுக்கு நீயும் என்ன மன்னிக்கணும்."

"இன்னும் கொஞ்சம் உள்ளேர்ந்து," என்றார் மனசு சார்.

மச்சினன் இன்னொரு தடவை சொன்னான். இரண்டாம் தடவை அவனுக்குக் குரல் உடைந்தது. நிகழ்ச்சி வெற்றி.

மேனேஜர் முன்னால் வந்து, "நானும் உன்ன மன்னிச்சிட்டேன் தம்பி. அன்னிக்கு லாரிய வெறுங்கையா திருப்பி அனுப்ப வேண்டியதாப் போச்சு. ஆனா இப்ப என் மனசுல ஒண்ணுமில்ல," என்று பழக்கத்தில் கையை நீட்டினார். மச்சினனும் பழக்கத்தில் வலது கையை நீட்டிவிட்டான். மேனேஜருக்குப் பிடித்துக் குலுக்க அங்கே கட்டைவிரல்தான் கிடைத்தது. அதைப் பிடித்து இருமுறை ஆட்டினார். போட்டோக்காரர், "தம்பி, அந்தக் கைய மட்டும் கொஞ்சம் பின்னால மறைச்சுக்குங்க, படம் நல்லா வரும்" என்றார்.

ஸ்டோர் கீப்பர் கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைக் கவனித்த உதவியாளர் ஒருவர், யாரும் கேட்காமலே, சங்கடம் என்று பதிவு செய்துகொண்டார்.

மச்சினனின் இடத்தில் இப்போது, எல்லோரும் நெட்டையன் என்று கூப்பிட்ட புது ஆள் நின்றான். நல்ல உயரம், பிரஸ்ஸுக்கு முன்னால் குனிந்துதான் நிற்க வேண்டும். கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவன் வந்த சமயத்தில்தான் மனசு சார் நம்பிக்கைப் புள்ளிகளைக் கொண்டுவந்தார். கூண்டு வேண்டும் என்று கேட்கிறவன் இயந்திரத்தை நம்பவில்லை; இயந்திரத்தை நம்பாதவன் கம்பெனியை நம்பவில்லை; அப்படிப்பட்டவன் வீட்டிலும் யாரையும் நம்ப மாட்டான். கேட்டவர்கள் பெயருக்கு நேரே சிவப்புப் புள்ளி, கேட்காதவர்களுக்குப் பச்சைப் புள்ளி. பச்சைக்காரர்களுக்குக் கேன்டீனில் முதல் வரிசை, லீவு கேட்டால் மறுப்பில்லை. ஒரே வாரத்தில் கூண்டு என்ற சொல்லே கம்பெனியில் கெட்ட வார்த்தையாகிவிட்டது. யாராவது வாய் தவறிச் சொன்னால் பக்கத்திலிருப்பவர் தள்ளி உட்கார்ந்தார்.

ஸ்டோர் கீப்பர் கீழே இறங்கி வந்தாலே பேச்சு நின்றது. வெல்டர் ஒருநாள் முகத்துக்கு நேரே கேட்டார்: "ஏன்யா, அன்னிக்கு வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா இந்தக் கருமாந்திரமெல்லாம் வந்திருக்குமா? உன்னால தினமும் காலையில தியானம்னு கண்ண மூடிக்கிட்டு மூச்சு விட்டுக்கிட்டிருக்கோம். நீ மேல பூந்தொட்டி பக்கத்துல உக்காந்துட்ட."

"நான் கேட்டது கூண்டுதான்ணே," என்றார் ஸ்டோர் கீப்பர். வெல்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கம்பெனி மூடியிருந்தது. ஸ்டோர் கீப்பர் தன் பழைய சாவியால் ஸ்டோரைத் திறந்து, தூசி படிந்திருந்த கூண்டைத் தள்ளுவண்டியில் ஏற்றி பிரஸ்ஸுக்குக் கொண்டுபோனார். அவரே ஸ்பேனர் பிடித்து மாட்டினார். நல்ல கனம். முட்டி சிராய்த்தது. மாட்டி முடித்துக் கொஞ்ச நேரம் அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தார். அந்த மாடி அறைக்குப் போனதிலிருந்து முதல்தடவையாக ஒரு வேலை செய்த களைப்பு அவருக்கு இருந்தது.

திங்கட்கிழமை காலை நெட்டையன் கூண்டைப் பார்த்துவிட்டு அவரைத் தேடி மாடிக்கே ஓடி வந்தான்.

"அண்ணே, இது உங்க வேலைதான? ஏண்ணே என் வயித்துல அடிக்கிறீங்க? நான்தான் கேட்டேன்னு நினைச்சுக்குவாங்க. என் பச்சப் புள்ளி என்ன ஆகறது? அடுத்த வாரம் வீட்டுக்காரிக்கு வளைகாப்பு..." என்றவன் நிறுத்திக்கொண்டு, "லீவு வேணும்ணே" என்று முடித்தான்.

"விரல் இருக்கட்டும்டா முதல்ல."

"எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதுண்ணே. உங்க மச்சினன் மாதிரி நான் பராக்கு பாக்கமாட்டேன்."

மத்தியானத்துக்குள் கூண்டைக் கழற்றிவிட்டார்கள். நெட்டையனே கழற்றினான். அதற்காக அவனுக்கு இன்னொரு பச்சைப் புள்ளி வைத்தார்கள்.

ஸ்டோர் கீப்பரை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நீண்ட மேஜையின் ஒரு பக்கத்தில் முதலாளி, மேனேஜர், மனசு சார். எதிர்ப்பக்கத்தில் அவர். முதலாளிக்குக் கோபத்தைவிட மனவருத்தம்தான் அதிகம் இருந்தது.

"உங்கள என் கூடப் பொறந்த தம்பி மாதிரி வச்சிருந்தேன். சங்கடமா இருந்தா சொல்ல வேண்டியதுதான? எப்பவாவது பதிவு பண்ணாம விட்டோமா?"

"சொல்லிக்கிட்டேதான் சார் இருந்தேன்."

"அதத்தான் சொல்றேன். எவ்வளவு நல்லா சொல்லிக்கிட்டிருந்தீங்க! திடீர்னு ஏன் இப்படி?"

மனசு சார் கண்ணை மூடினார். இந்தத் தடவை வாக்கியம் மேலே வர வெகுநேரமானது. "மனசாட்சி பேசலாம். அழலாம். ராத்திரி தூங்கவிடாம பண்ணலாம். அதெல்லாம் அதோட வேலை. ஆனா மனசாட்சிக்குக் கை முளைக்கக் கூடாது. முளைச்சா அதுக்குப் பேரு வேற."

"என்ன பேரு சார்?" என்று கேட்டார் ஸ்டோர் கீப்பர். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அத்துமீறல்," என்றார் மேனேஜர்.

தீர்ப்பு வரும்வரை வீட்டில் இருக்கச் சொல்லி வில்லையை வாங்கிக்கொண்டார்கள். மனைவி வைக்கும் தட்டு மறுபடியும் மேஜையில் சத்தமாக வந்து உட்காரத் தொடங்கியது.

அந்த வாரம் முடிவதற்குள் நெட்டையனின் கை பிரஸ்ஸுக்குள் போனது. அவன் பராக்குப் பார்க்கவில்லை. பக்கத்தில் ஆளில்லாததால் தகட்டைத் தானே பிடித்துக்கொண்டு, பிரஸ்ஸை இறக்கும் பெடலையும் தானே மிதித்துக்கொண்டிருந்தான். ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைக்கவும் ஆளில்லை. மணிக்கட்டுவரை போய்விட்டது. அவன் லீவு கேட்டிருந்த நாளில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். லீவு மறுக்கப்படவில்லை.

இதை விசாரித்த மனசு சார் ஒரு முடிவுக்கு வந்தார். நெட்டையன் இத்தனை நாள் கூண்டில்லாமல் முழு நம்பிக்கையோடு வேலை செய்தவன். ஒருநாள் காலையில் திடீரென்று அங்கே ஒரு கூண்டைப் பார்க்கிறான். 'ஆபத்து இருக்கிறதோ' என்ற நினைப்பு அந்த நொடியில் அவன் மனதில் விழுகிறது. கூண்டைக் கழற்றிவிட்டார்கள், நினைப்பைக் கழற்ற முடியவில்லை. கை தடுமாறியதற்கு அந்த நினைப்பே காரணம். அதை விதைத்தவர் ஸ்டோர் கீப்பர்.

ஆக, நெட்டையனின் கையை எடுத்தவர் ஸ்டோர் கீப்பர் என்று ஆனது. அவரை வேலையைவிட்டு நீக்கக் கூட்டம் கூடவேண்டியிருந்தது. ஆனால் அப்படியொரு கடுமையான முடிவை மனசாட்சி இல்லாமல் எடுப்பது முறையாகாது என்று முதலாளி கவலைப்பட்டார். பதவி காலியாக இருந்தது. காலியானதும் கூப்பிடுவதாக மச்சினனுக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதில் கம்பெனி எப்போதுமே கண்டிப்பானது.

மச்சினன் இரண்டு நாள் யோசித்தான். சாப்பிடவில்லை. "உங்களுக்கு எதிரா என்ன உக்காரவைக்கிறாங்க மாமா. நான் போகமாட்டேன்," என்றான்.

"நீ போகலன்னா வேற ஆளு போவான்," என்றார் ஸ்டோர் கீப்பர். "வீட்டுக்கு ஒரு ஆளாவது வேலையில இருக்கணும். போ."

"அவரே சொல்றாருல்ல, போடா," என்றாள் அக்கா.

அவன் போனான். கூட்டத்தில் நடந்ததை ஸ்டோர் கீப்பர் அவன் வாயாலேயே அன்று மாலை கேட்டார். மனைவி டீ போட்டுக் கொண்டுவந்து, தம்பியின் இடது கையில் டம்ளரைச் சரியாகப் பிடித்துவைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"எல்லாம் படிச்சாங்க மாமா. நீங்கதான் காரணம்னு. அப்புறம் என்னப் பாத்தாங்க. அழுதுட்டேன். விக்கி விக்கி அழுதேன். நிறுத்தவே முடியல."

"அப்புறம்?"

"மனசு சார் எழுந்து வந்து கட்டிப்பிடிச்சுக்கிட்டாரு. இந்தக் கம்பெனியில இதுவரைக்கும் இவ்வளவு ஆழமான சங்கடம் பதிவானதே இல்லையாம். நீங்களெல்லாம் வெறும் வாயாலதான் பட்டீங்களாம்."

"அப்புறம் என்ன பண்ணாங்க?"

மச்சினன் டம்ளரைப் பார்த்தான். "ஒருமனதா நிறைவேத்திட்டாங்க மாமா."

மனைவி தம்பியின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். வில்லை போன நாளுக்கப்புறம் முதல்தடவையாக நேராக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "இவன மாதிரி அழுதுட்டு சும்மா இருந்திருந்தா உங்களுக்கும் இந்த நெலம வந்திருக்காது."

அதற்கப்புறம் வீட்டில் சண்டை சச்சரவு இல்லை. மச்சினன் தினமும் காலையில் வேலைக்குப் போகிறான். நிர்வாக மாடியில் இருப்பவர்கள் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு வர வேண்டும் என்பது விதி. மற்ற பொத்தான்களை இடது கையும் ஒரு கட்டைவிரலுமாக எப்படியோ சமாளித்துவிடுவான். கழுத்துப் பொத்தான் மட்டும் முடியவில்லை. வீட்டில் வேலையில்லாமல் இருப்பவர் ஸ்டோர் கீப்பர்தான். அவர்தான் போட்டுவிடுகிறார். அவன் குழந்தை மாதிரி தாடையைத் தூக்கிக்கொண்டு நிற்பான்.

நேற்று அவர் கொஞ்சம் இழுத்துப் போட்டுவிட்டார் போலிருக்கிறது. மச்சினன் எச்சிலை விழுங்கிப் பார்த்துவிட்டு, "மாமா, இறுக்குது" என்றான்.

அவர் காலரை நேராக இழுத்துவிட்டு, வில்லையைத் துடைத்துக் குத்தினார்.

"இருக்கட்டும் மாப்ள," என்றார். "முகத்துல சங்கடம் தெரிய வேணாமா?"